மாமா கடை பென்டியம் 3-இல் பில் மென்பொருள் ஓடிய கதை

குடியாத்தத்தில் மாமாவின் கைலிக் கடையில் இருப்பது பென்டியம் 3 சிப் உள்ள பழைய கணினி. லினக்ஸ் நன்றாகவே ஓடும். என் லேப்டாப்பில் 32 பிட்டுக்கு கம்பைல் செய்து (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றி) பென்டிரைவில் கொண்டுபோன பில் மென்பொருள் மட்டும் திறந்ததுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்', அதாவது சிப்புக்குத் தெரியாத கட்டளை, என்று நின்றது. "புதுசு வாங்கலாமே மாமா" என்றால், "இது ஓடுதேப்பா" என்கிறார். சரி.

லினக்ஸில் சிப்பின் விவரம் சொல்லும் சிபியுஇன்ஃபோ கோப்பில், அதன் திறன்களைப் பட்டியலிடும் ஃபிளாக்ஸ் வரியைப் பார்த்தேன். எஸ்எஸ்இ என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு இருந்தது, அடுத்ததான எஸ்எஸ்இ2 இல்லை. அது பென்டியம் 4-இல்தான் வந்தது. கம்பைலுக்கு முன் அமைப்புகளை முடிவுசெய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என் லேப்டாப்பைச் சோதித்து, எஸ்எஸ்இ2-வைத் தானாகவே சேர்த்திருக்கிறது. பெரிய புத்திசாலி!

மேக் டிஸ்ட்கிளீன் போட்டுப் பழைய அமைப்புகளை அழித்து, கான்ஃபிகருக்கு ஹோஸ்ட்டை (நிரல் ஓடப்போகும் இயந்திரம்) ஐ686-பிசி-லினக்ஸ்-குனு என்றும், பில்டை (கம்பைல் செய்யும் இயந்திரம்) எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-குனு என்றும் கொடுத்தேன். வேறு இயந்திரத்துக்கு என்று தெரிந்தால் சோதனை நிரலை இங்கே ஓட்டிப் பார்க்காது. சி கம்பைலருக்கான விருப்பங்கள் போகும் சிஃபிளாக்ஸில் எம்32 (32 பிட்), மார்ச்=பென்டியம்3 (எந்தச் சிப்புக்கு). சி++ பகுதிக்கு சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸிலும் அதையே போட வேண்டும்.

இப்போது பில் உடனே வருகிறது, பிரிண்டர்தான் இழுக்கிறது.