நியூட்ரினோவைக் காட்டி வாதாடும் மாமாவுக்குப் பதில் சொல்வது எப்படி

ஞாயிறு ஆராதனை முடிந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி மாமாக் உணவுக் கடையில் பசியாற உட்கார்ந்தால், யாராவது ஒரு மாமா ஆரம்பிப்பார்: "பூமிக்கு 6000 வயசுதான்பா. சூப்பர்நோவாவுல இருந்து வந்த நியூட்ரினோ சிதைவை முடுக்கிவிட்டுடுச்சு, அதான் பாறையெல்லாம் பழசா தெரியுது." நியூட்ரினோ என்பது சூரியனும் வெடிக்கும் நட்சத்திரங்களும் (சூப்பர்நோவா) உமிழும் நுண்துகள். பாறையிலுள்ள கதிரியக்க அணுக்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் அதன் வயதைக் கணக்கிடுகிறார்கள். சிதைவு ஒரு காலத்தில் வேகமாக நடந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பு என்பது மாமாவின் வாதம். இரண்டு முறை கத்தித் தோற்றவன் சொல்கிறேன், கத்தாதீர்கள்.

முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ளுங்கள். 2006 டிசம்பரில் சூரியன் கொந்தளித்தபோது மாங்கனீஸ்-54 என்ற கதிரியக்க அணு சிதையும் வேகம் மாறியதாக பர்டூ பல்கலைக்கழகத்தில் சொன்னது உண்மை. ஆனால் கூடியதாக இல்லை, குறைந்ததாக! அதுவும் ஒரு விழுக்காடுகூட வராது, மற்ற ஆய்வகங்கள் தேடியபோது அப்படி எதுவும் சிக்கவும் இல்லை. இங்கே ரசீதைத் திருப்பிப் போட்டு, விஞ்ஞானிகள் சொல்லும் பூமியின் வயதான 454 கோடி ஆண்டை 6000-ஆல் வகுத்துக் காட்டுங்கள். மாமாவுக்கு வேண்டிய சிதைவு வேகம் ஏழு லட்சம் மடங்குக்கு மேல்.

அப்புறம் 1987 பிப்ரவரி 23. ஒரு லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் அன்று நம் ஒவ்வொரு விரல் நகத்தையும் கோடிக்கணக்கில் துளைத்துப் போயின, உலகத்துக் கருவிகள் எல்லாம் சேர்ந்து பிடித்தது இருபத்துச் சொச்சம். எதையும் தொடாமல் போகிற துகள் அது. பிறகு அந்த வெடிப்பின் வெளிச்சம் மங்கியதைப் பார்த்தால் அதில் உருவான கோபால்ட்-56 அணுக்களின் 77 நாள் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) அப்படியே தெரிந்தது. நம் ஆய்வகத்தில் அளக்கிற அதே 77. அதாவது ஒரு லட்சத்து 68 ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலும், நியூட்ரினோ கொட்டிய இடத்திலேயே சிதைவு வேகம் மாறவில்லை. "ஒளியைக் கடவுள் வழியிலேயே படைச்சு வெச்சார்" என்பார் மாமா. அது இயற்பியல் இல்லை, பாஸ்டரிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தட்டிலிருக்கும் பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழப் பொரியல். வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு இருக்கிறது, நம் உடம்பிலும்தான். உடம்பிலுள்ள அதிலிருந்து ஆண்டுக்கு 0.17 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கதிர்வீச்சு படுகிறது. பைபிள்படி பூமி இளையது என்று வாதிடும் அமெரிக்கப் படைப்புவாதிகளின் ரேட் (RATE) ஆய்வுக் குழு, நோவா காலத்து வெள்ளம் வந்த ஓராண்டிலேயே 50 கோடி ஆண்டுச் சிதைவு நடந்தது என்றது. பெருக்குங்கள்: பேழைக்குள் நோவாவுக்கு அவர் உடம்பே மணிக்கு 9000 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கொடுக்கும். 5000 பட்டாலே சிகிச்சை இல்லாமல் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். வெப்பமும் கதிர்வீச்சும் தீராத சிக்கல் என்று அந்தக் குழுவே எழுதிவைத்திருக்கிறது, அதை மட்டும் குரலை ஏற்றாமல் சொல்லுங்கள்.

தே தாரிக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள், அடுத்த ஞாயிறும் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.