மார்கழிக் கோலத்துக்கு டீ வடிகட்டி

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் கோலத்துக்குக் கலர் கொடுக்க வந்து நின்றால், பொடியைக் கையில் கொடுக்காதீர்கள். பழைய டீ வடிகட்டியில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுங்கள். விளிம்பை ஒரு விரலால் தட்டினால் போதும். ஒரு தட்டுக்குக் கொஞ்சம்தான் இறங்கும், கட்டிகள் மேலேயே தங்கிவிடும். அதனால் தாமரை இதழ் முழுக்க ஒரே சீராக, மெல்லிசாகப் படியும். சின்னக் கை பிடிபிடியாகக் கொட்டுகிற பொடியும் மிச்சம். ஓரம் தாண்டாமல் இருக்க, தரைக்கு நாலு விரல் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

வாசல் தெளித்த ஈரம் சற்றுக் காய்ந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது. பனியில் நமத்துப்போன பொடி வடிகட்டியின் கண்ணை அடைத்துக்கொள்ளும். கல் உப்பிலோ பருமணலிலோ கலந்த கலருக்கு இது சரிப்படாது. அப்புறம், புள்ளி வைக்கவும் கம்பி இழுக்கவும் எப்போதும்போல விரல்தான்.