கழுத்தில் முண்ணாண் நெரிபட்டால் சத்திரசிகிச்சை முன்னாலா, பின்னாலா?

முதலில் வலியை ஒரு பக்கம் வையுங்கள். கழுத்து முள்ளந்தண்டுக் கால்வாய், அதாவது முண்ணாண் என்ற நரம்புத் தண்டு இறங்கும் வழி, ஒடுங்கியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ அறிக்கை சொன்னால், சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் கைகால்கள்தான் தீர்மானிக்கின்றன. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா, கையெழுத்து கோணுகிறதா, நடக்கையில் கால் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்குள் கையை முழுதாகப் பொத்திப் பொத்தி விரியுங்கள், 20 தடவையாவது வரவேண்டும். வராவிட்டால் முண்ணாணே நெரிபடுகிறதோ என்று பார்க்க வேண்டும், அந்த நிலையில் எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள், கழுத்தை நெட்டி முறிக்க யாரையும் விடவே விடாதீர்கள். கையில் இறங்கும் வலி மட்டும்தான் என்றால் பலருக்கு மருந்தும் பிசியோதெரபியும் போதும்.

சரி, சத்திரசிகிச்சைதான் என்று முடிவானால் வழி இரண்டு.

ஒன்றிரண்டு மட்டங்களில் (இரண்டு கழுத்தெலும்புகள் சந்திக்கும் இடம் ஒரு மட்டம்) முண்ணாண் முன்னாலிருந்து நெரிபட்டால், வழக்கமாகத் தொண்டை ஓரமாக வெட்டி, எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்போ கேஜ் என்ற சிறு கூடோ வைத்து உலோகத் தகடு பூட்டி இரண்டு எலும்புகளையும் ஒன்றாக்கிவிடுவார்கள். அதன்பின் கொஞ்ச நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரல் கம்மலாம், ஆகவே பாடுபவர்களும் ஆசிரியர்களும் தங்கள் தொழிலை வைத்தியரிடம் முதலே சொல்லிவிடுங்கள். செயற்கை டிஸ்க் வைத்தால் அசைவு மிஞ்சும், ஆனால் கழுத்து மூட்டுகள் நன்றாகத் தேய்ந்தவர்களுக்கு அது பொருந்தாது.

மூன்று மட்டங்களுக்கு மேல் நெரிபட்டால் பெரும்பாலும் பின்பக்கம்தான். பின் எலும்புத் தகடுகளை எடுத்துவிட்டுத் திருகாணி பூட்டலாம், அல்லது எடுக்காமலே ஒரு பக்கத்தைக் கீலாக வைத்துக் கதவு போலத் திறந்து இடம் உண்டாக்கலாம், இந்த இரண்டாவது முறை 1970களில் ஜப்பானில் உருவானது. ஆனால் கழுத்தின் இயல்பான வளைவு மாறி முன்னால் குனிந்திருந்தால், பின்னால் எவ்வளவு இடம் விட்டாலும் முண்ணாண் அங்கே நகராது. அதனால் "என் கழுத்தின் வளைவு எப்படி, ஏன் இந்தப் பக்கம்?" என்று கட்டாயம் கேளுங்கள். எந்தப் பக்கத்தால் செய்தாலும் சிலருக்குத் தோள் தூக்குவது பலவீனமாகும், பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும்.

கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், இருந்தாலும் தகடும் திருகாணியும் வெளியில் வாங்க வேண்டிவருமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் போனால் அவை உட்பட மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். எம்.ஆர்.ஐ அறிக்கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படமும் சீடியும் வேண்டும். சிங்களமோ ஆங்கிலமோ தாராளமாக வராத அம்மா அப்பாவைத் தயவுசெய்து கிளினிக்குக்குத் தனியாக அனுப்பாதீர்கள், இத்தனை கேள்விகளையும் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? அஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தவேண்டாம். சிகரெட்டை விடுங்கள், புகைத்தால் எலும்பு ஒட்டுவது பிந்தும்.

இந்தச் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் தடுப்பது, போன பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு காலம் நெரிபட்டது என்பதைப் பொறுத்தது. திடீரென்று கைகால் சோர்ந்தாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ கிளினிக் திகதியைப் பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.