உப்பளத்து உப்பைத் தூய்மையாக்குவது எப்படி? ஆய்வகத்தில் முதல் செய்முறை

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் முதல் தடவையாக வேதியியல் ஆய்வகத்துக்குள் வருகிற பிள்ளைகளுக்கு எந்தச் செய்முறையை முதலில் கொடுப்பது என்று கேட்டால், நான் உப்பைத்தான் சொல்வேன். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி உப்பளங்கள் ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான். 1986 வரை அதுவும் நம் மாவட்டம்தான். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டையும் கலந்து, பிரித்து, உப்பைத் தூய்மையாக்கினால் நிறுத்தல், அளத்தல், கரைத்தல், வடிகட்டல், ஆவியாக்கல், படிகமாக்கல் எல்லாம் ஒரே செய்முறையில் கைக்கு வந்துவிடும்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு கட்டம் இருக்கிறது. தண்ணீர் முழுவதும் வற்றும்வரை காய்ச்சக் கூடாது. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தேவையானவை

சுத்தம் செய்யாத உப்பு 20 கிராம். பாக்கெட்டில் வரும் அயோடின் உப்பு இதற்குச் சரிவராது. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் கருவாட்டுக்குப் போடும் உப்பு, அல்லது உப்பளத்தில் கேட்டு வாங்கியது நல்லது. தேரி மணல் 5 கிராம். பீக்கர் மூன்று, அளவு ஜாடி, புனல், வடிதாள், கண்ணாடிக் கம்பி, பீங்கான் கிண்ணம், முக்காலி, கம்பி வலை, ஸ்பிரிட் விளக்கு, எலெக்ட்ரானிக் தராசு, டெஸ்ட் டியூப் மூன்று. இவற்றோடு ஆய்வகத்தில் இருக்கும் தூய சோடியம் குளோரைடும், கடைசிச் சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடு கரைசலும் வேண்டும்.

தண்ணீர்தான் முக்கியம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதை ஊற்றி உப்பைத் தூய்மையாக்குவதில் அர்த்தமில்லை. காய்ச்சி வடித்த நீர் இல்லாத பள்ளியில், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது அது தண்ணீர்தானா, பேட்டரி அமிலமா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கடையில்தான் விற்கும்.

படி 1: நிறுத்து, எழுது

தராசில் காலி பீக்கரை வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு உப்பு, பிறகு மணல். ஒவ்வொரு எண்ணையும் பார்த்த உடனே நோட்டில் எழுதுங்கள். துண்டுத்தாளில் எழுதி அப்புறம் நோட்டில் ஏற்றலாம் என்ற பேச்சே வேண்டாம். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, செய்தது, கண்டது, அறிந்தது என்று தலைப்பிடுங்கள். 'வெண்மையாகக் கலங்கியது' என்பது கண்டது. 'சல்பேட் இருக்கிறது' என்பது அறிந்தது. இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் மாணவர் பாதி வேதியியலைக் கற்றுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

படி 2: கரைத்தல்

அளவு ஜாடியில் 60 மில்லி தண்ணீர் எடுங்கள். ஜாடிக்குள் நீரின் மேற்பரப்பு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொடவேண்டும். ஜாடியைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். மேசையில் வைத்துவிட்டு நீங்கள் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பாருங்கள்.

ஏன் 60 மில்லி? அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். 60 மில்லிக்கு ஏறத்தாழ 21 கிராம். நம்மிடம் இருப்பது 20. அதிகத் தண்ணீர் ஊற்றினால் பின்னால் அத்தனையும் காய்ச்சித் தீர்க்க நேரம் ஆகும். கொஞ்சம் பொறுமையாகக் கலக்கினால் கரைந்துவிடும்.

சூடாக்கினால் இன்னும் நிறையக் கரையாதா என்று கேட்பார்கள். உப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கொதிக்கும் நீரில்கூட 100 மில்லிக்கு சுமார் 39 கிராம்தான். பொட்டாசியம் நைட்ரேட் அப்படியல்ல, சூட்டில் பல மடங்கு கரையும், ஆறினால் படிகமாக விழும். உப்புக் கரைசலை ஆறவைப்பதால் மட்டும் படிகம் கிடைக்காது. தண்ணீரை ஆவியாக்கித்தான் ஆகவேண்டும். வெயிலை நம்பி உப்பளம் நடப்பதும் இதனால்தான்.

படி 3: வடிகட்டல்

வடிதாளைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடியுங்கள். ஒரு பக்கம் மூன்று மடிப்பு, மறுபக்கம் ஒன்று வரும்படி விரித்தால் கூம்பு கிடைக்கும். முன்னதாகக் காய்ந்த தாளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். புனலில் வைத்து ஓரிரு சொட்டு நீரால் நனைத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புனலின் கால், கீழே இருக்கும் பீக்கரின் உட்சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். அப்போது தெறிக்காது, வேகமாகவும் வடியும்.

கரைசலைக் கண்ணாடிக் கம்பி வழியாக, மூன்று மடிப்புப் பக்கம் பார்த்து ஊற்றுங்கள். தாளின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிடுங்கள். விளிம்பைத் தாண்டினால் மணல் பின்பக்கமாக இறங்கிவிடும். முதலில் வருவது செந்நிறக் கலங்கலாக இருந்தால் அதை அதே தாளில் மறுபடி ஊற்றுங்கள். தேரி மணலின் சிவப்பு, மணல்துகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு. அது தண்ணீரில் கரையாது, தாளில் நின்றுவிடும்.

தாளில் தங்கிய மணலில் கொஞ்சம் உப்புக் கரைசல் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று மில்லி தண்ணீரை இரண்டு தடவையாக ஊற்றிக் கழுவுங்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊற்றுவது நன்றாகக் கழுவும். மணலைக் காயவைத்து, தாளின் எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். 5 கிராமுக்குச் சற்று மேலே வந்தால் அது உப்போடு வந்த மண்.

படி 4: ஆவியாக்கல்

கரைசலைச் சூடாக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. பீங்கான் கிண்ணத்தில் 25 மில்லி தண்ணீர் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் வெளியே குறித்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இனி கரைசலை ஊற்றி, முக்காலியில் கம்பி வலை மேல் வைத்துச் சூடாக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், கிண்ணத்துக்கு மேலே குனியக் கூடாது. ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைக்காதீர்கள், மூடியை வைத்து அணையுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்பிரிட் ஊற்றவே கூடாது.

முதலில் மேற்பரப்பில் சிறு சதுரங்களாகப் படிகங்கள் தோன்றும். தொடர்ந்து கலக்குங்கள். படிகமும் நீரும் சேர்ந்து பென்சில் குறியைத் தொட்டவுடன் விளக்கை அணைத்துவிடுங்கள். கிண்ணத்தில் இன்னும் நீர் இருக்கிறதே, காய்ச்சினால் மீதி உப்பும் வந்துவிடுமே என்று தோன்றும். நிறுத்துங்கள்.

உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் அடர்த்தியாக்குவார்கள். முதலில் கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் படிந்துவிடும். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் சுமார் 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரி நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். அந்த நீரில்தான் மெக்னீசியம் உப்புகள் திரண்டிருக்கும், கடும் கசப்பு. அதையும் காயவிட்டால் உப்போடு அதுவும் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போவதற்கு அந்த மெக்னீசியம் குளோரைடு பெரிய காரணம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. வடிதாள் மண்ணைத்தான் நிறுத்தும். கரைந்திருக்கும் மெக்னீசியத்தையும் சல்பேட்டையும் அது நிறுத்தாது. அவற்றை நாம் வெளியேற்றும் ஒரே வழி, அந்தக் கடைசி நீரோடு அனுப்பிவிடுவதுதான். அளவு குறைவாக இருப்பதால் அவை படிகமாகாமல் நீரிலேயே நிற்கின்றன.

முழுக்க வற்றவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு, காய்ந்த உப்பு சூட்டில் வெடித்துச் சிதறும்.

படி 5: பிரித்தல், கழுவுதல்

கிண்ணம் நன்றாக ஆறியபின் கடைசி நீரைத் தனி பீக்கரில் வடித்துப் பத்திரமாக வையுங்கள். படிகங்களைப் புதிய வடிதாளில் கொட்டுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்துபோகும். அதனால் தூய சோடியம் குளோரைடைத் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, அந்தத் தெவிட்டிய கரைசலில் 5 மில்லி ஊற்றிக் கழுவுங்கள். அது மேலும் உப்பைக் கரைக்காது, ஒட்டியிருக்கும் மற்றவற்றை மட்டும் அடித்துக்கொண்டு போகும்.

வெயிலில் காயவையுங்கள். ஆனி, ஆடிக் காற்றடிக்கும் நாளானால் மேலே ஒரு தாளால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் புழுதி படிந்து பட்ட பாடெல்லாம் வீணாகும். இரண்டு தடவை நிறுத்தும் எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். 12, 13 கிராம் கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 20 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் ஈரம் போகவில்லை, அல்லது கடைசி நீரையும் காய்ச்சியிருக்கிறீர்கள்.

படி 6: தூய்மையானதா?

மூன்று டெஸ்ட் டியூப்களில் எண் எழுதுங்கள். முதலாவதில் பழைய உப்பு அரை கிராமை 5 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டியது. இரண்டாவதில் நீங்கள் எடுத்த படிகம் அரை கிராம், அதே 5 மில்லியில். மூன்றாவதில் கடைசி நீர் 1 மில்லி, மேலே 4 மில்லி தண்ணீர். ஒவ்வொன்றிலும் சில சொட்டு நீர்த்த அமிலம், பிறகு சில சொட்டு பேரியம் குளோரைடு. சல்பேட் இருந்தால் பேரியம் சல்பேட் வெண்மையாகக் கலங்கும், அமிலத்தில் கரையாது.

கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது மிகத் தெளிவாகவும் மூன்றாவது மிகக் கலங்கலாகவும் இருக்கவேண்டும். இரண்டாவதிலும் நன்றாகக் கலங்கல் தெரிந்தால், அந்தப் படிகங்களை மறுபடி குறைந்த தண்ணீரில் கரைத்து, 4, 5 படிகளைத் திரும்பச் செய்யுங்கள்.

பேரியம் குளோரைடு நச்சு. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சக் கூடாது, கையில் பட்டால் உடனே கழுவவேண்டும். இந்த மூன்று டியூப்களில் இருப்பதைத் தொட்டியில் கொட்டாமல், ஆசிரியர் வைத்திருக்கும் கழிவுப் பாட்டிலில் ஊற்றுங்கள். படிகங்கள் எவ்வளவு வெள்ளையாக மின்னினாலும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆய்வகப் பாத்திரங்களில் நேற்று என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தேதி எழுதிய ஒரு பாட்டிலில் போட்டு, பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் பழைய உப்பையும் வைத்து, மழைக்காலம் வரை இரண்டையும் மூடாமல் அலமாரியில் விட்டுப் பாருங்கள். எது முதலில் நீர்க்கிறது என்பதையும் நோட்டில் 'கண்டது' என்ற கட்டத்தில் எழுதுங்கள்.