சிஜிஎம் சென்சார் காட்டும் எண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் சிஜிஎம் கருவி (சர்க்கரை அளவைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி) மூன்று நாள் அளவுகளைப் பதிவு செய்துவைக்கும். மருத்துவர் பிறகுதான் அதை எடுத்துப் பார்ப்பார். இன்று 10, 14 நாள் உடலில் ஒட்டியிருக்கும் சென்சார்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைப் போனுக்கு அனுப்பிவிடுகின்றன. மாறாதது ஒன்று: சென்சாரின் மெல்லிய இழை ரத்தத்தில் இல்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கிறது. ரத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் அங்கே தெரியச் சில நிமிடங்கள் ஆகும். வேகமாக மாறும்போது இடைவெளி இன்னும் கூடும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருகின்றன.

அதில் ஆபத்தானது தாழ்சர்க்கரையின்போது நடப்பது. 70 மி.கி.க்குக் கீழே இறங்கியதும் 15 கிராம் குளுக்கோஸ் எடுக்கிறோம். கால் மணி நேரம் கழித்தும் சென்சார் 62 என்கிறது. பயந்து மறுபடி சாப்பிடுகிறோம். ரத்தத்தில் அளவு அதற்குள் ஏறத் தொடங்கியிருக்கும். கூடுதலாகச் சாப்பிட்டதெல்லாம் அடுத்த ஒரு மணி நேரத்தில் 250-ஆக வந்து நிற்கும். அந்த 15-வது நிமிடத்தில் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில்தான் பார்க்க வேண்டும். இதன் மறுபக்கம், அளவு இறங்கவில்லையே என்று ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு டோஸ் இன்சுலின் போடுவது. விரைவில் செயல்படும் இன்சுலினே 3 முதல் 5 மணி நேரம் வேலை செய்யும். இரண்டு டோஸும் சேர்ந்து பின்னர் ஒரேயடியாகக் கீழே இழுத்துவிடும்.

பழைய சென்சார்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் ரத்த அளவைக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2018-ல் வந்த டெக்ஸ்காம் ஜி6 போன்றவை தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டு வருகின்றன. பழக்கத்தில் இவற்றையும் அடிக்கடி திருத்துபவர்கள் உண்டு. அளவு போகும் திசையைத் திரையில் காட்டும் அம்புக்குறி ஏறியோ இறங்கியோ இருக்கும்போது திருத்தினால், நன்றாக வேலை செய்த சென்சாரும் தப்பாகக் காட்டத் தொடங்கும். தேவைப்பட்டால் அம்புக்குறி கிடையாக இருக்கும்போது, கையைக் கழுவித் துடைத்தபின் செய்யுங்கள்.

நள்ளிரவில் அலாரம் அடித்து, வியர்வையோ நடுக்கமோ இல்லையென்றால், சென்சார் ஒட்டிய கைமேல் படுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அழுத்தம் விழுந்தால் எண் பொய்யாகச் சரியும். புரண்டு படுத்துவிட்டு விரலில் சோதியுங்கள். புது சென்சாரின் முதல் நாள் எண்ணுக்கும் இதே எச்சரிக்கை தேவை.

மருந்துகளைப் பலர் கவனிப்பதே இல்லை. சில லிப்ரே சென்சார்களில் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். டெக்ஸ்காமில் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து அப்படிச் செய்யும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. சென்சார் பெட்டியில் உள்ள தாளில் உங்கள் மருந்தின் பெயர் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே தேடுங்கள்.