இதயச் செல்லுக்கு நரம்பின் வரைபடம் பொருந்தாது

தொடக்கக்கல்லூரியிலும் தாதிமைப் படிப்பிலும் நரம்பின் செயல் மின்னழுத்தத்தை, அதாவது தூண்டப்பட்ட செல்லின் சவ்வில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் படித்த பிறகே இதயத்துக்கு வருகிறார்கள். தவறுகளில் பாதி அங்கேயே தொற்றிக்கொள்கிறது. நரம்பில் ஒன்றிரண்டு மில்லிவினாடியில் முடிவது, கீழறைத் தசைச் செல்லில் 200 முதல் 300 மில்லிவினாடி வரை நீள்கிறது. அங்கே கூரான முள்ளை வரையாதீர்கள்.

இந்த நீளம் 2ஆம் கட்டத்தால் வருகிறது, அதாவது ஏறிய மின்னழுத்தம் இறங்காமல் சமதளமாக நிற்கும் பகுதியால். கோடு தட்டையாக இருப்பதால் அயனிகள் நகரவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கால்சியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது, இரண்டும் ஏறக்குறைய ஈடாகின்றன. அப்படி வரும் கால்சியம் மட்டுமே தசையைச் சுருக்குவதில்லை. செல்லுக்குள் சார்கோபிளாச வலையில் சேமித்திருக்கும் பெரும்பங்கை அது திறந்துவிடுகிறது. இந்தக் கட்டம் முடியும்வரை, செல்லின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் முடங்கியே கிடக்கும். ஆகவே எலும்புத்தசைபோல இதயம் இறுகி நின்றுவிடாது.

மின்னழுத்தம் இறங்குவதற்குச் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைக் காரணம் காட்டுவதும் வழக்கம். இறக்குவது வாயில்கள் வழியே வெளியேறும் பொட்டாசியம்தான். பம்ப் செறிவு வேறுபாட்டைக் காக்கிறது, அவ்வளவே.

எல்லா இதயச் செல்லுக்கும் ஓய்வு மின்னழுத்தம் -90 மில்லிவோல்ட் என்று போடாதீர்கள். துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்ஏ கணுவுக்கு நிலையான ஓய்வே இல்லை. சுமார் -60க்கு இறங்கியதும் தானாக மெல்ல ஏறத் தொடங்கி, -40ஐ ஒட்டிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத் தருவது கால்சியம், சோடியம் அல்ல. கால்சியம் வாயில்களை அடைக்கும் வெராபமில் மருந்தைக் கொடுத்தால் துடிப்பு மெதுவாவது இதனால்தான்.

வார்டில் ஆபத்தாக முடியக்கூடியது பொட்டாசியக் குழப்பம். செல்லுக்குள் 140, வெளியே 4 மில்லிமோல் என்றால் பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தம், அதாவது அதன் நிகர ஓட்டம் நின்றுபோகும் மின்னழுத்தம், சுமார் -95 மில்லிவோல்ட். வெளியே 8 ஆனால் -76. பாய்ச்சல் தொடங்கும் வாசலை நெருங்கிவிட்டதே, இதயம் எளிதில் தூண்டப்படும் என்று தோன்றும். தொடக்கத்தில் ஓரளவு சரி. ஆனால் அந்த அழுத்தத்திலேயே நின்றால் சோடியம் வாயில்கள் முடங்கி, கடத்தல் மந்தமாகி, ஈசிஜியில் கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகலும். அப்போது கொடுக்கும் கால்சியம் குளுகோனேட் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைச் சிறிது நேரம் காக்கும். குறைப்பதற்கு இன்சுலினும் குளுக்கோஸும் முதலிய வழிகள் தனியே வேண்டும்.

ஈசிஜி அலையை ஒரு செல்லின் வரைபடமாகப் படிப்பதும் தவறு. செல்லில் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறுவது, தோலில் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்டாகவே தெரியும்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கும் ஏஇடி என்ற தானியங்கி இதய மின்னதிர்ச்சிக் கருவி, நின்ற இதயத்தை ஓடவைக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். தாறுமாறாகத் துடிக்கும் செல்களை ஒரே நேரத்தில் அடக்கி, எஸ்ஏ கணுவுக்கு இடம் விடுவதே அதன் வேலை. தட்டைக் கோட்டில் அடக்க எதுவுமில்லை. அதிர்வு தேவையில்லை என்று கருவி சொன்னால், 995 அழைத்துவிட்ட பிறகு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள்.