பழைய செம்பு வாஷரைச் சுட்டுப் போடலாமா?

டீசல் லைனைக் கழற்றினால், டீசல் ஊடே ஓடும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டோடு நாலைந்து செம்பு வாஷர் கையில் வரும். வண்டி நிற்பது தோட்டத்துப் பெக்டரி முற்றத்தில். பார்ட்ஸ் கடை இருப்பது ஹட்டனில். புதுசுக்கு இறங்குவதா, பழையதையே போடுவதா? ஒரே தகட்டில் வெட்டிய தட்டையான முழுச் செம்பு என்றால் பழையதையே போடலாம், ஆனால் சுட்டுத்தான் போட வேண்டும்.

போல்ட்டை இறுக்கும்போது மெதுசெம்பு நசிந்து, சீட்டில் (வாஷர் உட்காரும் முகத்தில்) உள்ள நுண்ணிய கீறல்களுக்குள் இறங்கி அடைக்கிறது. நசிந்த செம்பு அந்த நசிவாலேயே இறுகிப்போகும். மெதுவான செம்பின் கடினம் விக்கர்ஸ் அளவில் 50 போல; நன்றாக நசிந்தபின் 100ஐத் தாண்டும். சிவக்கச் சுட்டால் அது மறுபடி மெதுவாகும். சுடாமல் அப்படியே போட்டால் புதுக் கீறலுக்குள் இறங்காது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கமென்றால் ஒழுகல்கூடத் தெரியாது. உள்ளே காற்றுப் பிடித்து, நுவரெலியாப் பாதையின் றம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும்போதுதான் தெரியவரும்.

சுடுமுன் டீசலும் எண்ணெயும் போகக் கழுவிக் காயவிடுங்கள். கழுவிய தட்டம் இருக்கும் இடத்தில் நெருப்பைப் பற்றவைக்காதீர்கள். வாஷர்களைக் கட்டுக் கம்பியில் இடைவெளி விட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டினால் நடுவிலிருப்பது சூடாகாது. நிழலான மூலையில் நின்று சுட வேண்டும். வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியும்வரை சுட்டால் கூடிப்போகும். முதலில் வானவில் நிறம் ஓடும், பிறகு கறுக்கும், அதன் பிறகு மங்கலாகச் சிவக்கும். அது ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ். வாஷர் முழுவதும் அந்தச் சிவப்பு வந்து சில விநாடி நின்றால் போதும். செம்பு உருகுவது 1085 பாகையில், ஆகவே உருகிவிடும் பயம் வேண்டாம். ஆனால் பளிச்சென்ற செம்மஞ்சள் வரை கொண்டுபோனால் செம்பின் உள்மணிகள் (நுண்படிகங்கள்) பெருத்து, மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரி ஆகும். அதைத் திருத்த முடியாது.

கேஸ் அடுப்பில் சுட்டாலும் டோர்ச்சில் சுட்டாலும் சுவாலை நீலமாக இருக்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் அடுப்பில் கேஸுக்கு ஏற்ற காற்றுச் சேராமல் மஞ்சள் நுனி வரும். காற்றுத் துவாரத்தைத் திறந்து சரிப்படுத்துங்கள். மஞ்சள் சுவாலையில் கரி படிவது சின்ன விஷயம். ஒட்சிசன் கலந்த சாதாரணச் செம்பை அதில் அதிகம் சுட்டால் ஐதரசன் உள்ளே புகுந்து நீராவியாகி, வாஷர் வெடித்துக் கீறும். பியூட்டேன் டோர்ச் வைத்திருப்பவர்கள் மாசி மாதக் காலையில் டப்பாவை வீட்டுக்குள் வைத்துவிட்டு எடுங்கள். குளிரில் கேஸ் எழும்பாது.

அடுத்து, கராஜில் ஓயாத வழக்கு: தண்ணீரில் போடலாமா? போடலாம். சூடான உருக்கைத் தண்ணீரில் போட்டால் இறுகும் என்பதால் செம்பும் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். செம்புக்கு அந்தக் குணமில்லை. தானாக ஆறினாலும் தண்ணீரில் ஆறினாலும் மெதுமை ஒன்றுதான். தண்ணீரில் போட்டால் கருஞ்செதில் உதிரும், அவ்வளவே. மீதியைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு செதில் டீசல் லைனுக்குள் போனால் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்தான் பாடுபடும். பிறகு கண்ணாடித் துண்டின் மேல் 400 எமரித் தாளை விரித்து இரு பக்கமும் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வந்தால் தட்டை. பள்ளமோ குறுக்குக் கீறலோ போகாவிட்டால் எறிந்துவிடுங்கள். சரியாகச் சுடுபட்டதா என்று பார்க்கச் சீமெந்துத் தரையில் போடுங்கள்: இறுகியது கணீரென்னும், மெதுவானது மொத்தென்று விழும்.

சுடக்கூடாதவையும் உண்டு. ரப்பர் வளையம் ஒட்டியது எரிந்துபோகும். இரண்டு தகடாக மடித்தது ஒருமுறை நசிந்தால் திரும்ப எழும்பாது. அலுமினியம் சிவக்காமலே 660 பாகையில் உருகிவிடும். இன்ஜெக்டர் மூக்கின் கீழுள்ள வாஷரின் தடிப்புத்தான் மூக்கு எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிக்கிறது. நசிந்து மெலிந்ததைப் போடாமல் புதுசே வாங்குங்கள், பழையது அடியில் ஒட்டியிருக்க இன்னொன்றை மேலே வைத்துவிடாமலும் பாருங்கள். பிரேக் லைனுக்கும் புதுசுதான். மலைப்பாதையில் அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

போடும்போது சீட்டைத் துடைத்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். மெதுசெம்பு லேசாகப் படியும்; லைனில் காற்றை எடுத்து, எஞ்சினைச் சூடேற்றி, ஆறியபின் ஸ்பேனரை வைத்து இன்னொரு முறை இறுக்கம் பாருங்கள்.